கருப்பெண்ணெய் யார் கணக்கில்: ஒரு தோட்டப்புற வாகனப் பட்டறை பற்றிய நிகழ்வு ஆய்வு

சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்பு வழங்கி இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியிருக்கும் ஊரிலும், அதைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் சிறு தொழில் நடத்துவோருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. மளிகைக் கடை, லோரிக் குத்தகை, டயர்க் கடை, வாகனப் பட்டறை என்று பலவகைப் பேரேடுகள் என் மேசைக்கு வரும். இந்த ஆய்வு அவற்றுள் ஒரு வாகனப் பட்டறையையும், அங்கே இயந்திரங்களிலிருந்து வடிக்கும் பழைய எண்ணெய், அதாவது கருப்பெண்ணெய், யார் பொறுப்பு என்ற கேள்வியையும் பற்றியது. யாரையும் அடையாளம் காட்டிவிடக் கூடாது என்பதால், ஒன்றுக்கு மேற்பட்ட பட்டறைகளில் நான் கண்டவற்றை ஒரே பட்டறையில் நடந்தவையாகச் சேர்த்தும், அவற்றின் தொகைகளையும் அளவுகளையும் ஏறத்தாழக் கொடுத்தும் எழுதியிருக்கிறேன். சட்டமும் விதிகளும் ஆண்டுகளும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

பட்டறையில் முதலாளியோடு சேர்த்து ஒன்பது பேர். முதலாளியின் தந்தை ரப்பர்த் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்து வீடுகள் காலியானபோது, சேமநிதிப் பணத்தில் கடைவீதியின் கோடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டுத் தொடங்கியது இது. செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளும் டிராக்டர்களும்தான் முக்கிய வேலை. மலேசியாவில் சேவைத் துறையில் ஆண்டு விற்பனை 20 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டாத அல்லது 75 பேருக்கு மேல் ஊழியர் இல்லாத தொழில்களைச் சிறு, நடுத்தரத் தொழில் என்று வகைப்படுத்துகிறார்கள். அந்த வரம்பில் இந்தப் பட்டறை அடிமட்டத்தில் நிற்கிறது. நாட்டின் தொழில் நிறுவனங்களில் மிகப் பெரும்பாலானவை சிறு, நடுத்தரத் தொழில்கள்தான் என்பதால், இங்கே நடந்ததை ஒரு கொட்டகையின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஒரு நாள் காலை முதலாளி ஒரு கடிதத்தைக் கைப்பேசியில் படமெடுத்து எனக்கு அனுப்பினார். "அண்ணே, இது வரி விஷயமா, கொஞ்சம் பாருங்க" என்று கேட்டிருந்தார். மலாய் மொழியில் எழுதியதெல்லாம் வரித் துறையிலிருந்து வருவதாக நினைப்பது எங்கள் வாடிக்கையாளர்களுக்குப் பழக்கம். அது வரிக் கடிதம் இல்லை. அவரிடம் வாகனம் பழுது பார்க்கும் ஒரு தோட்ட நிர்வாகம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் மூன்று ஆவணங்களைக் கேட்டிருந்தது. பட்டறையில் உண்டாகும் கழிவுகளைச் சுற்றுச்சூழல் துறைக்கு அறிவித்ததற்கான சான்று ஒன்று, கடந்த பன்னிரண்டு மாதங்களில் அவற்றை யாரிடம் ஒப்படைத்தார் என்பதற்கான சீட்டுகள், ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்த பதிவு. மலேசிய நிலைத்தன்மைமிகு செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ், அதாவது எம்எஸ்பிஓ, 2020 ஜனவரி 1 முதல் கட்டாயமாகிவிட்டது. அதனால் தோட்டங்களைத் தணிக்கை செய்ய வருபவர்கள் வேலியோடு நின்றுவிடுவதில்லை. தோட்டத்து டிராக்டருக்கு எண்ணெய் மாற்றியவர் பழைய எண்ணெயை என்ன செய்தார் என்றும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி கைமாறிக் கைமாறித் தகரக் கொட்டகை வரை வந்துவிட்டது.

மூன்றில் ஒன்றுகூட முதலாளியிடம் இல்லை.

இந்த ஊரில் செம்பனை ஆலைகளுக்கு இத்தகைய கேள்விகள் புதியவை அல்ல. கச்சா செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கான சிறப்பு விதிமுறைகள் 1977-லேயே வந்துவிட்டன. ஆலைக் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது நீரில் கரிமக் கழிவு எவ்வளவு என்று காட்டும் அளவு, 1978-ல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று தொடங்கி, படிப்படியாகக் குறைத்து, 1984-ல் 100 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்தார்கள். ஆலைக்குப் பொறியாளர் உண்டு, கழிவுநீர்க் குளம் உண்டு, துறையிலிருந்து வருபவருக்குத் தேநீர் கொடுக்க ஓர் அலுவலகம் உண்டு. அதே சாலையில் இருக்கும் பட்டறைக்குச் சட்டத்தில் விலக்கு எதுவும் இல்லை. பார்க்க வந்தவர் குறைவு என்பதைத்தான் விலக்கு என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

சட்டம் சொல்வதை முதலில் சுருக்கமாகத் தருகிறேன். சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-ல் இயற்றப்பட்டது. அதன் கீழ் வந்த அட்டவணைக் கழிவுகள் விதிமுறைகள் 2005, மலாயில் 'புவாங்கான் தெர்ஜாடுவல்' என்று சொல்லப்படும் 77 வகைக் கழிவுகளைப் பட்டியலிடுகிறது. எங்கள் பட்டறைக்குள் நடந்து பார்த்தபோது அந்தப் பட்டியலில் உள்ள ஆறு வகைகள் கண்ணில் பட்டன. அவற்றின் குறியீடுகள்: இயந்திரத்திலிருந்து வடித்த பழைய எண்ணெய் எஸ்டபிள்யூ 305, ஹைட்ராலிக் எண்ணெய் 306, பழைய பேட்டரி 102, எண்ணெய் ஊறிய துணியும் ஃபில்டரும் 410, எண்ணெய் ஒட்டிய காலி டப்பாக்கள் 409, கழுவுமிடத்து நீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் எண்ணெய்ப் பொறியில் படியும் சேறு 312. புதிய வகைக் கழிவு உண்டான 30 நாட்களுக்குள் துறைக்கு அறிவிக்க வேண்டும். கொள்கலன் மீது கழிவின் குறியீடும், அது முதலில் உண்டான தேதியும், உண்டாக்கியவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். 180 நாட்களுக்கு மேலோ 20 மெட்ரிக் டன்னுக்கு மேலோ சேர்த்து வைக்கக் கூடாது. பதிவேட்டை மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும். உரிமம் பெற்ற வண்டியில் ஏற்றி, உரிமம் பெற்ற இடத்துக்கே அனுப்ப வேண்டும். அறிவிப்பையும் பதிவேட்டையும் ஒப்படைப்புச் சீட்டையும் இப்போது இ-ஸ்விஸ் என்னும் இணையப் பதிவில் செய்கிறார்கள்.

20 டன் என்பது இருநூற்றொன்பது லிட்டர் டிரம்மில் ஏறத்தாழ 110 டிரம். ஒரு சிறு பட்டறை அந்த அளவைத் தொடப்போவதே இல்லை. அதனால் "எங்களிடம் இருப்பது கொஞ்சம்தானே" என்று அமைதியாக இருந்துவிடுகிறார்கள். அவர்களைப் பிடிப்பது டன் கணக்கு அன்று, நாள் கணக்கு. மூலையில் ஒரு டப்பா பழைய ஃபில்டர் ஏழு மாதம் கிடந்தாலே விதி மீறியாயிற்று.

இனி எண்ணெய்க்கு வருகிறேன். சட்டம் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போன எனக்கு, பழைய எண்ணெய் எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த வழி ஒன்றுதான், பேரேட்டைப் புரட்டுவது. ஒரு வருட விலைச்சீட்டுகளின்படி இயந்திர எண்ணெய் 30 டிரம் வாங்கியிருந்தார்கள். ஏறத்தாழ 6,270 லிட்டர். தலைமை மெக்கானிக்கிடம் கேட்டேன். முதலாளியின் தந்தை காலத்திலிருந்து இருப்பவர், பட்டறையில் எல்லாருக்கும் அவர் 'அண்ணன்'. ஓடி எரிந்தது, கசிந்தது, எடுத்துப் போனவை எல்லாம் கழித்தால் முக்கால் பங்கு வடியும் என்றார். அப்படியானால் சுமார் 4,700 லிட்டர் பழைய எண்ணெய் வந்திருக்க வேண்டும். சில்லறைக் கணக்கில் 'எண்ணெய் விற்றது' என்று எழுதியிருந்தவற்றைக் கூட்டியபோது 3,600 லிட்டர்தான் வந்தது. மீதி ஐந்து டிரம்முக்கு மேல் எங்கே என்பது ஒரு கேள்வி. விற்ற 3,600 லிட்டர் யாரிடம் போனது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

இங்கே என் தவற்றையும் எழுதிவிட வேண்டும். அந்த 'எண்ணெய் விற்றது' வரிகளை ஆறு ஆண்டுகளாக 'பல்வகை வருமானம்' என்ற தலைப்பில் ஏற்றியவன் நான்தான். வாங்கியவர் பெயர் இல்லை, ரசீது இல்லை. தொகை சிறியது என்பதால் கேட்கத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு வேன் வரும், வேன்காரர் குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டு ரொக்கம் கொடுத்துவிட்டுப் போவார் என்பது எனக்கும் தெரியும். அவரிடம் உரிமம் இருந்ததா என்று பட்டறையில் ஒருவரும் கேட்டதில்லை. அவருடைய தொலைபேசி எண்ணைத் தவிர யாருக்கும் அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"இது குப்பை இல்ல தம்பி, காசு" என்றார் அண்ணன். அவர் குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். பழைய எண்ணெயை விற்ற காசு முதலாளி கைக்குப் போவதில்லை. காலைக் காப்பி, மழை நாளில் ரொட்டி சானாய், தீபாவளிக்கு முந்தின வாரம் ஆட்டிறைச்சி விருந்து எல்லாம் அதிலிருந்துதான் நடந்தன. ஆகவே, உரிமம் உள்ளவரிடம் மட்டுமே விற்க வேண்டும், பணம் கம்பெனிக் கணக்குக்கு வர வேண்டும் என்று சொல்வது, தொழிலாளர்கள் காதில் அவர்கள் காப்பிக் காசைப் பறிப்பதாகவே விழும். சுற்றுச்சூழல் பொறுப்பைப் பற்றிய பயிற்சிக் கையேடுகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். விழிப்புணர்வு இல்லாமைதான் தடை என்று எல்லாவற்றிலும் எழுதியிருக்கும். இந்தப் பட்டறையில் தடையாக இருந்தது ஒரு காப்பிச் செலவு.

காணாமல் போன ஐந்து டிரம்மின் வழியைத் தேடியபோது ஊரின் பழைய நினைவுகள் சில கிளர்ந்தன. வேலிக் கட்டைக்குக் கரையான் பிடிக்காமல் இருக்கத் தடவுவதற்கென்று கேட்பவருக்கெல்லாம் 'மிஞ்ஞாக் ஈத்தாம்', அதாவது கருப்பெண்ணெய், ஒரு டின் கொடுப்பது வழக்கம். கொட்டகைக்குப் பின்னால் லாலாங் புல் வளராமல் இருக்க ஊற்றுவார்கள். தண்ணீர் தேங்கிய லோங்காங்கில், அதாவது சாக்கடையில், கொசு ஒழிய ஒரு கோப்பை விடுவார்கள். இந்தக் கடைசிப் பழக்கத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் மலேரியா ஒழிப்பில் ஈடுபட்ட காலத்திலிருந்து, வடிகால் வெட்டுவதும் தேங்கிய நீரில் எண்ணெய் தெளிப்பதும் மலாயாத் தோட்டங்களில் சுகாதாரப் பணியாகவே நடந்தன. முதுகில் தெளிப்பானைச் சுமந்து போன எண்ணெய்க்காரரை நினைவில் வைத்திருக்கும் குடும்பத்துக்கு, லோங்காங்கில் எண்ணெய் மிதப்பது நோயைத் தடுத்ததன் அடையாளம். அதைக் குற்றம் என்று ஒரு கடிதம் சொன்னதும் மனம் உடனே ஏற்பதில்லை.

மீதியின் பெரும்பகுதி கழுவுமிடம் வழியாகப் போயிருந்தது. அங்கே தரையில் மூன்று அறைகள் கொண்ட எண்ணெய்ப் பொறி கட்டியிருந்தார்கள். கட்டடத் திட்டம் அனுமதி பெற்றபோது வரைபடத்தில் இருந்ததால் கட்டியது. அதன் பிறகு யாரும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. கடப்பாரை போட்டு நெம்பித் திறந்தோம். முதல் அறை முழுவதும் மணலும் கருஞ்சேறும் குழாய் மட்டம் வரை நிரம்பி, மேலே ஒரு வாழை மட்டையும் இரண்டு போல்ட்டும் கிடந்தன. இந்தப் பொறியின் வேலை எளிது. எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது, மேலே மிதக்கும். அடுத்த அறைக்குப் போகும் குழாய் கீழ்நோக்கி வளைந்து நீரின் அடிமட்டத்திலிருந்து எடுப்பதால், எண்ணெய் பின்தங்கி நிற்க, தண்ணீர் மட்டும் போகும். இங்கே அந்த வளைவுக் குழாய் உடைந்து கீழே விழுந்திருந்தது. ஆகவே மேல்மட்டத்து எண்ணெய் நேராக அடுத்த அறைக்கும், அங்கிருந்து லோங்காங்குக்கும் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது.

குழாயை மாற்றிச் சேற்றை அள்ளினால் போதும் என்று நாங்கள் நினைத்தோம். அண்ணன்தான் இன்னொன்றைக் காட்டினார். அலுவலக மேசையில் இரண்டு மினரல் தண்ணீர் பாட்டில்களை வைத்து, இரண்டிலும் பாதி தண்ணீரும் ஒரு மூடி கருப்பெண்ணெயும் ஊற்றினார். ஒன்றில் மட்டும் இயந்திரம் கழுவும் டிகிரீசர் சேர்த்து இரண்டையும் குலுக்கினார். முதல் பாட்டிலில் சில நிமிடங்களில் எண்ணெய் கருவளையமாக மேலேறி நின்றது. டிகிரீசர் ஊற்றியது மறுநாள் காலையில் நான் போய்ப் பார்க்கும்போதும் கொழகொழவென்று பால் காப்பி நிறத்திலேயே இருந்தது. எண்ணெயைத் துளித்துளியாக உடைத்து நீரோடு கலக்கச் செய்வதே டிகிரீசரின் வேலை. அது நன்றாக வேலை செய்தால் பொறி வேலை செய்யாது. தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைகள் 2009, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் பொருந்தும் ஏ தரத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராமும், மற்ற இடங்களுக்கான பி தரத்தில் 10 மில்லிகிராமும்தான் எண்ணெய்க்கு இடம் தருகின்றன. பால் காப்பி நிறத் தண்ணீர் எந்தத் தரத்தில் நிற்கும் என்பதை ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டியதில்லை.

அந்த லோங்காங் ஒரு பெரிய வடிகாலில் சேர்கிறது. பெரிய வடிகால் போய்ச் சேர்வது சிலாங்கூர் ஆற்றில். கோலாலம்பூரும் அதன் சுற்றுவட்டாரமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பங்கு இந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதைச் சுத்திகரிக்கும் நிலையங்களும் எங்கள் வட்டாரத்திலேயே இருக்கின்றன. ஆறு மேலும் கீழே போனால் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினி பார்க்கச் சுற்றுப்பயணிகள் படகேறும் இடம்.

2020 செப்டம்பர் தொடக்கத்தில் ரவாங் பக்கத்து சுங்கை கோங் ஆற்றில் துர்நாற்றமுள்ள கழிவு கலந்தது. நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தினார்கள். 1,292 பகுதிகளில் தண்ணீர் நின்றது. கோல சிலாங்கூர் வட்டாரமும் அதில் அடங்கும். நாங்கள் எல்லாரும் வாளி தூக்கினோம். கழிவு வந்த இடம், கனரக இயந்திரங்களைப் பராமரிக்கும் ஒரு தொழிலிடம் என்று அப்போது அதிகாரிகள் அறிவித்தார்கள். முதலாளிக்கு வாளி தூக்கியது நினைவிருந்தது. அந்த இடம் தன் தொழிலைப் போன்ற ஒரு தொழில் என்பது நினைவில் இல்லை. அதற்கு முந்தின ஆண்டு, 2019 மார்ச்சில், ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியதால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்று, 111 பள்ளிகளை மூட நேர்ந்தது. இரண்டும் நாடறிந்த செய்திகள். ஆனால் செய்தியில் வரும் குற்றவாளி எப்போதும் பெரிய தொழிற்சாலை என்றே மனம் படம் போட்டுக்கொள்கிறது.

இனி, பொறுப்பு யாருடையது என்ற கேள்வி. விதிமுறையில் பதில் தெளிவாக இருக்கிறது. கழிவை உண்டாக்கியவர் பொறுப்பு. கழிவு வேனில் ஏறிவிட்டதால் பொறுப்பும் ஏறிவிடாது. கம்பெனி குற்றம் செய்தால் இயக்குநரும் மேலாளரும் குற்றவாளியாகக் கருதப்படுவார் என்றும், தமக்குத் தெரியாமல் நடந்தது என்பதையும் தாம் தக்க முன்னெச்சரிக்கை எடுத்ததையும் அவரே நிரூபிக்க வேண்டும் என்றும் சட்டத்தின் 43ஆம் பிரிவு சொல்கிறது. ஊழியர் செய்ததும் அவர் தலையில்தான் வந்து விழும். அட்டவணைக் கழிவை முறைகேடாக வைத்தால் அல்லது கொட்டினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் என்று 34பி பிரிவில் இருந்தது. 2024 திருத்தச் சட்டம் அபராத உச்சவரம்புகளை 10 மில்லியன் ரிங்கிட் வரை உயர்த்திவிட்டது.

பட்டறைக்குள் கேட்டபோது கிடைத்த பதில் வேறு. முதலாளி, "எண்ணெய் விஷயமெல்லாம் அண்ணன் பார்த்துக்குவார்" என்றார். அண்ணன், தான் இயந்திரம் பார்ப்பவன், எண்ணெய்த் தட்டைத் தூக்கிப் போவது வங்காளதேசத்துத் தம்பி என்றார். அந்தத் தம்பி, காட்டிய டிரம்மில் ஊற்றுவதாகவும் டிரம் நிரம்பியிருந்தால் பின்னால் கொண்டுபோவதாகவும் மலாயும் தமிழும் கலந்து சொன்னார். வேன்காரரிடம் பணம் வாங்குவது முதலாளியின் அக்கா. கணக்கில் ஏற்றுவது நான். ஐந்து பேர் கையும் அந்த எண்ணெயில் பட்டிருக்கிறது. ஐந்து பேரில் ஒருவர் கூட அதைத் தன் வேலை என்று நினைக்கவில்லை. என் கணிப்பில் இந்த நிகழ்வின் மையம் இதுதான். பிரேக் யார் பார்ப்பது, கிளட்ச் யார் பார்ப்பது என்று ஆள் பிரித்து வைத்திருந்த பட்டறையில், கழிவு மட்டும் ஆள் இல்லாத வேலையாக இருந்தது.

சுற்றுச்சூழல் துறை 'வழிகாட்டப்பட்ட சுயகட்டுப்பாடு' என்ற பெயரில் ஏழு கருவிகளை முன்வைக்கிறது. கொள்கை, நிதி ஒதுக்கீடு, கண்காணிப்புக் குழு, வசதிகள், தகுதியுள்ள ஆள், அறிக்கை, வெளிப்படைத்தன்மை. ஒன்பது பேர் உள்ள இடத்தில் கண்காணிப்புக் குழு என்றால் சிரிப்புத்தான் வரும். ஆனாலும் ஒவ்வொன்றையும் பட்டறை அளவுக்கு வெட்டிச் சுருக்கிப் பார்த்ததில் பயன் இருந்தது. குழு, திங்கட்கிழமை காலையில் வேலை தொடங்கும் முன் டிரம் பக்கத்தில் பத்து நிமிடம் நிற்பதாயிற்று. நிதி ஒதுக்கீடு, என் பேரேட்டில் 'கழிவு' என்று ஒரு புதிய தலைப்பாயிற்று. கொள்கையை எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட முதலாளி ஆசைப்பட்டார். நான் தடுத்தேன். மாட்டியதும் வேலை முடிந்துவிட்டது என்று தோன்றிவிடும்.

பொறுப்பை அண்ணனுக்கே கொடுத்தார்கள். அவருக்கு மாதம் ஒரு சிறு தொகையும் எழுத்தில் ஒரு பதவிப் பெயரும் சேர்ந்தன. அவருக்கு மலாய் படிவம் நிரப்ப வராது என்பதால், இ-ஸ்விஸ் பதிவு முதலாளியின் அக்கா வசம் போயிற்று. காப்பிக் காசுக்கு முதலாளி நிலையான மாதப்படி ஒன்றை ஒதுக்கினார். பழைய எண்ணெய் விற்ற பணம் அப்படியே கம்பெனி வருமானத்தில் வந்தது. இந்த ஏற்பாட்டை எழுத ஒரு வரி போதும். செய்ய மூன்று வாரம் ஆயிற்று. மாதப்படி எவ்வளவு என்பதில் தீபாவளி ஆட்டிறைச்சியைச் சேர்ப்பதா என்பதே நீண்ட பேச்சாக இருந்தது. சேர்த்தார்கள்.

செலவு அச்சுறுத்தும் அளவில் இல்லை. டிரம்கள் நிற்க, கசிந்தால் பெரிய கொள்கலனின் அளவைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாகத் தாங்கும் தடுப்புச் சுவருள்ள தளம் ஒன்று, கூரை, டிரம்மில் ஒட்டும் அடையாளத் தாள்கள், பொறியின் குழாய் மாற்றம், சேறு அகற்றல் எல்லாம் சேர்த்து ஒரு புதிய கப்சாய் மோட்டார் சைக்கிளின் விலைக்குள் அடங்கின. டிகிரீசரை முழுவதும் நிறுத்த முடியவில்லை. முதலில் மரத்தூளாலும் துணியாலும் துடைத்துவிட்டு, கழுவும்போது அதைக் குறைப்பது என்று வைத்தார்கள். அந்த மரத்தூளைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது, எண்ணெய் ஊறியதால் அதுவும் அட்டவணைக் கழிவு என்று சொன்னபோது அண்ணன் என்னைப் பார்த்த பார்வை மறக்காது.

உரிமம் பெற்றவர் பழைய எண்ணெய்க்குப் பணம் கொடுக்கிறார். ஃபில்டருக்கும் துணிக்கும் சேற்றுக்கும் நாம் அவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். ஆனால் ஓரிரண்டு டிரம்முக்காக அவர் லோரி அனுப்பமாட்டார். இதற்கு முதலாளி ஒரு வழி கண்டார். அதே வீதியில் உள்ள நான்கு பட்டறைகளும் தம் கழிவை இவர் கொட்டகையில் சேர்த்து ஒரே நாளில் ஏற்றுவது. நல்ல யோசனை போலத்தான் தெரிந்தது. பிறருடைய கழிவை வாங்கிச் சேமிக்கும் இடத்துக்குத் தனி உரிமம் வேண்டும் என்பதால், உதவி செய்யப்போய் விதி மீறியவராகியிருப்பார். கடைசியில் கழிவு அவரவர் இடத்திலேயே இருந்தது. லோரி மட்டும் ஒரே நாளில் நான்கு வாசலிலும் நின்று, நான்கு தனி ஒப்படைப்புச் சீட்டுகளோடு போயிற்று. தோட்ட நிர்வாகத்துக்கு அந்தச் சீட்டுகளின் நகலை அனுப்பினோம். ஒப்பந்தம் ஆறு மாதத்துக்குத் தற்காலிகமாகப் புதுப்பிக்கப்பட்டது.

இரண்டாம் முறை ஏற்றியபோது சிக்கல் வந்தது. கழிவு போய்ச் சேர்ந்ததைப் பெற்றவர் உறுதி செய்ய வேண்டும். 30 நாட்களுக்குள் அந்த உறுதி வராவிட்டால் கழிவை உண்டாக்கியவர் உடனே துறைக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. இருபத்தெட்டாம் நாள் அக்கா கணினியைப் பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசினார். முதலாளிக்கு அறிவிக்க மனமில்லை. "நாமே போய் நம்மைக் காட்டிக் கொடுக்கணுமா அண்ணே?" என்று கேட்டார். எழுதாமல் விட்டால், அந்த ஐந்து டிரம் எங்கே என்ற பழைய கேள்வி இம்முறை முத்திரையோடு வரும் என்றேன். முப்பத்தோராம் நாள் கடிதம் போயிற்று. அதற்கு மறுநாளே பெற்றவர் அலுவலகம் உறுதியைப் பதிந்தது. பதிய மறந்துவிட்டார்களாம். துறையிலிருந்து பெற்றுக்கொண்டதற்கான பதில் மட்டும் வந்தது.

முதல் ஆண்டுக் கடைசியில் அதே கணக்கை மறுபடியும் போட்டேன். வாங்கியது ஏறத்தாழ அதே அளவு. வேலிக் கட்டைக்குக் கொடுப்பதை நிறுத்திய பிறகும், வடிந்திருக்க வேண்டிய எண்ணெய்க்கும் ஒப்படைத்த எண்ணெய்க்கும் வேறுபாடு ஒரு டிரம்முக்குச் சற்று மேல். அது ஃபில்டரிலும் துணியிலும் ஊறியதாக இருக்கலாம் என்று அண்ணன் சொல்கிறார். ஃபில்டரை இரவு முழுவதும் வலைத் தட்டில் கவிழ்த்து வடிய விடுகிறார்கள். அடையாளத் தாள்கள் எண்ணெய் பட்டு எழுத்தழிந்துவிடுவதால் அவற்றை நெகிழி உறையில் போட்டு டிரம்மில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். வங்காளதேசத்துத் தம்பிக்கென்று வண்ணக் கோடு போட்டிருக்கிறார்கள். எண்ணெய் சிவப்புக் கோட்டைத் தொட்டால் பின்பக்கம் போகாமல் அண்ணனைக் கூப்பிட வேண்டும். பழைய பேட்டரிகளை மட்டும் இன்னும் முழுவதும் கட்டுப்படுத்த முடியவில்லை. பெசி பூரோக், அதாவது பழைய இரும்பு, வாங்கும் லோரிக்காரர் வாசலில் வந்து கூடுதல் விலை சொல்லும்போது ஒன்றிரண்டு கைநழுவிப் போய்விடுகின்றன.

கொட்டகையின் பின்பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக எண்ணெய் ஊற்றிய மண், ஒரு பூப்பந்துத் திடல் அளவு, மழைக்குப் பிறகு மினுமினுக்கிறது. அதன் மேல் சிமெண்டு போட்டு லோரி நிறுத்தலாம் என்று முதலாளி நினைக்கிறார். தோண்டி எடுத்தால் அந்த மண்ணே அட்டவணைக் கழிவாகிவிடும், டன் கணக்கில், என்று சொன்னதிலிருந்து அவர் மண்வெட்டியைத் தொடவில்லை. தோட்ட நிர்வாகத்தின் அடுத்த தணிக்கை ஆகஸ்டில். சிமெண்டு போடும் குத்தகையாளரின் விலைப்பட்டியலை என் மேசையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். உரிமம் பெற்றவரிடம் மண்ணைச் சோதித்து ஒரு விலை கேட்டிருக்கிறோம், அது இன்னும் வரவில்லை.